சைக்கிள் பாதி, துடுப்பு பாதி: நியூசிலாந்தின் வாங்கனூயி நதியில் 4 நாள் அட்வென்ச்சர்!

டூர் என்றாலே பஸ், ஹோட்டல், செல்ஃபி, மறுபடியும் பஸ்... போரடித்துவிட்டதா? மலையிலிருந்து கடல் வரை உங்கள் கால்களையும் கைகளையும் நம்பியே போகும் ஒரு பயணம் நியூசிலாந்தின் வடக்குத் தீவில் இருக்கிறது. கூடவே வழிகாட்டி வருவார். ஆனால், மிதிக்க வேண்டியதும் துடுப்புப் போட வேண்டியதும் நீங்கள்தான்!

ரூட் என்ன?

2,797 மீட்டர் உயரமுள்ள ருவாபேஹு எரிமலையின் சரிவில் ஆரம்பித்து, வாங்கனூயி நகரையொட்டிய கடற்கரையில் முடிகிறது 'மவுன்டன்ஸ் டு சீ' சைக்கிள் பாதை. இதை நான்கு நாள்களில் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் நாள்: மலைச்சரிவிலும், பழைய குதிரை வண்டிப் பாதையிலும் சைக்கிள். உடம்பு பழகுவதற்கான வார்ம்-அப்.

இரண்டாம் நாள்: மங்காபுருவா பள்ளத்தாக்கு வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். முதலில் ஏற்றம், பிறகு நீண்ட இறக்கம். ஒரு பக்கம் செங்குத்துப் பள்ளம் வரும் இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம். ஈரமானால் இந்த மண் சோப்பு மாதிரி வழுக்கும். பாதையின் கடைசியில், காட்டுக்கு நடுவே திடீரென ஒரு கான்கிரீட் பாலம் நிற்கும். பெயர் 'எங்கும் போகாத பாலம்'! முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு இங்கே விவசாய நிலம் கொடுத்தார்கள். அவர்களுக்காக 1936-ல் பாலம் கட்டி முடிப்பதற்குள், கஷ்டம் தாங்காமல் பலர் கிளம்பிவிட்டார்கள். 1942-ல் பள்ளத்தாக்கே காலியானது.

மூன்றாம் நாள்: பாலத்துக்கு அப்பால் ரோடு கிடையாது, நதி மட்டும்தான். சைக்கிள் ஜெட் போட்டில் போய்விடும். நீங்கள் பிபிரிகி வரை சுமார் 30 கிலோமீட்டர் துடுப்புப் போட வேண்டும்.

நான்காம் நாள்: மறுபடி சைக்கிள். நதியோரச் சாலையில் கிராமங்களைப் பார்த்தபடியே கடலுக்கு.

சைக்கிளே வேண்டாம், தண்ணீர் போதும் என்பவர்களுக்கு வாகாஹோரோவிலிருந்து பிபிரிகி வரை 3 நாள் படகுப் பயணமும், டௌமருனுயிலிருந்து 145 கிலோமீட்டர், 5 நாள் பயணமும் இருக்கின்றன.

கனூவா, கயாக்கா?

கனூ மேல்பக்கம் திறந்த படகு. பெரும்பாலும் இரண்டு பேர், ஒற்றைப் பக்கத் துடுப்பு. மூட்டை முடிச்சுகளுக்கு நிறைய இடம் இருக்கும். கயாக் ஒல்லியானது, மேல்பக்கம் மூடியது, இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பு. வேகமாகப் போகும், பொருள் கொஞ்சம்தான் பிடிக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு கனூதான் வசதி.

கவிழ்ந்தால்?

பிபிரிகிக்கு முன்னால் பெரிய வேகநீர்கள் வரும். அதில் ஒன்றுக்குச் செல்லப்பெயரே 'ஃபிஃப்டி-ஃபிஃப்டி'. பாதிப் படகுகள் கவிழ்ந்துவிடுமாம்! கவிழ்ந்தால் பதறாதீர்கள். மல்லாந்து மிதந்து, கால்களை நீரோட்டம் போகும் திசையில் நீட்டிக்கொள்ளுங்கள். படகுக்கும் பாறைக்கும் நடுவே மாட்டாமல், படகுக்கு மேல்நீர்ப் பக்கமாகவே இருங்கள். லைஃப் ஜாக்கெட்டைத் தண்ணீரில் எப்போதும் கழற்றக் கூடாது. ஆனால், அது நீச்சலுக்கு மாற்று இல்லை. கிளம்பும் முன் ஊரிலேயே நீச்சலும் கொஞ்சம் துடுப்பும் பழகிவிடுங்கள்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

* மழையில் நதி ஏறினால் பயணம் நிறுத்தப்படுமா, பணம் திரும்பக் கிடைக்குமா? 'எப்படியும் போயிடலாம்' என்று சொல்பவரிடம் போகாதீர்கள். மேலே மலையில் பெய்தால்கூட நதி மளமளவென ஏறும்.
* ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? முதலுதவி, நதி மீட்புப் பயிற்சி எடுத்திருக்கிறாரா?
* வழியில் பெரும்பாலும் செல்போன் சிக்னல் கிடைக்காது. அவசரத்துக்குச் சாட்டிலைட் கருவி வைத்திருக்கிறாரா?
* ஜெட் போட், தங்கும் குடில் புக்கிங் எல்லாம் கட்டணத்தில் அடக்கமா?
* வெஜிடேரியன் சாப்பாடு கிடைக்குமா? நடுவழியில் கடையே கிடையாது.

அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. துணிமணிகளைத் தண்ணீர் புகாத டிரம்மில் போட்டுக் கட்டுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது.

நதி ஓர் ஆள்!

2017-ல் நியூசிலாந்து நாடாளுமன்றம் இந்த நதிக்கு ஒரு மனிதருக்கு உள்ளதுபோல சட்ட உரிமைகளைக் கொடுத்தது. கரையோர மவோரி மக்கள் 19-ம் நூற்றாண்டிலிருந்து நடத்திய போராட்டத்தின் பலன் அது. அவர்களுக்கு நதி ஒரு மூதாதை. அதே ஆண்டு கங்கை, யமுனைக்கு உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் அப்படியோர் அந்தஸ்து கொடுத்ததும், உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் நினைவிருக்கலாம்.

கரையில் டியேகே என்ற இடத்தில் மவோரி மக்களின் சமூகக் கூடம் இருக்கிறது. கூடத்துக்குள் நுழையும்போது, நம் வீட்டுக்குள் போவதுபோலவே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். அவர்கள் வரவேற்புச் சடங்கு செய்தால், கேமராவை உள்ளே வைத்துவிட்டு அமைதியாக நில்லுங்கள். குப்பையில் ஒரு சாக்லேட் கவரைக்கூட விடாமல் உங்களோடு எடுத்து வந்துவிடுங்கள். அங்கே நாம் விருந்தாளிகள்!