உயிர் தொடங்கும் வேளை: ஒரு கேள்வியின் வரலாறு



அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று இந்திய அரசு 2005-ஆம் ஆண்டில் அனுமதித்தது. ஆயினும் தமிழகத்தின் பெரும்பாலான மருந்துக்கடைகளில் அது வைக்கப்படுவதில்லை. தடைச்சட்டம் ஏதும் இல்லை. தயக்கமே தடையாக நிற்கிறது. "அது கருவைக் கொல்லும் மருந்தல்லவா?" என்ற ஐயம் நம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதி விசுவாசக் குடும்பங்களிலும் எழக்கூடியதே. இதற்கு விடை தேடுமுன், திருச்சபை இக்கேள்வியைக் கடந்து வந்த வழியைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.

யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம், சண்டையின் நடுவே அடிபட்ட கர்ப்பவதியைக் குறித்துப் பேசுகிறது. அதைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர், உருப்பெற்ற சிசு, உருப்பெறாத சிசு என்று பிரித்து எழுதினர். அகஸ்டின் இப்பிரிவினையைக் கருத்தில் கொண்டார். அதே நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பேசில், அத்தகைய நுண்பிரிவு நமக்கு வேண்டாம் என்றார். எனினும் கருவை அழிப்பது பாவம் என்பதில் இருவரும் ஒன்றுபட்டே நின்றனர்.

ரோமாபுரியிலும் தீர்ப்பு மாறி மாறி வந்தது. 1588-இல் போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் எந்நிலைக் கருவை அழித்தாலும் கடுந்தண்டனை என்றார். மூன்றே ஆண்டுகளில், 1591-இல், பதினான்காம் கிரகோரி அதைத் தளர்த்தினார். 1869-இல் ஒன்பதாம் பியுஸ் அப்பிரிவினையையே நீக்கினார். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமோ, சிசுவின் அசைவு தாய்க்குப் புலப்பட்ட பின் செய்யும் கருக்கலைப்புக்கு மிகுந்த தண்டனை விதித்தது. கருவுறுதல் என்னும் நிகழ்வையே 1876-இல்தான் ஜெர்மானியரான ஹெர்ட்விக், கடல்வாழ் உயிரொன்றின் முட்டையில், நுண்ணோக்கியின் வழியே தெளிவாகக் கண்டார்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன? உயிர் தொடங்கும் கணத்தைக் குறித்துப் பரிசுத்தவான்களும் வேறுபட்டனர். அவ்வுயிர் தேவனுடையது என்பதில் வேறுபடவில்லை. 139-ஆம் சங்கீதத்தை வாசிக்கிற நாமும் அதில் தடுமாற வேண்டியதில்லை.

அப்படியானால் அம்மாத்திரையின் காரியம் என்ன? லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்னும் அம்மருந்து, சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. ஆணின் உயிரணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கக்கூடும். அந்நாட்களில் முட்டை வராதிருந்தால் கரு உண்டாவதில்லை. ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தை அது கலைப்பதில்லை. கருப்பையில் கரு பதிவதை அது தடுப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2022 டிசம்பரில் அதன் விவரக்குறிப்பைத் திருத்தியது. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவர் கண்காணிப்பில் தரப்படும் கருக்கலைப்பு மாத்திரை முற்றிலும் வேறானது. இரண்டையும் ஒன்றெனச் சொல்வது, நல்ல நோக்கத்தோடு சொன்னாலும், பொய்ச்சாட்சியே.

பிரியமானவர்களே, பலவந்தத்திற்கு ஆளான ஒரு பெண், அல்லது அடுத்த பிரசவத்தைத் தாங்க முடியாதபடி உடல் நலிந்த ஒரு மனைவி, உங்களிடம் ஆலோசனை கேட்டு வரலாம். அவளைக் கொலைகாரி என்று தீர்க்காதிருங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காலம் தாழ்த்தாதேயுங்கள், ஏனெனில் அம்மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவோ அவ்வளவு விரைவாக உட்கொள்ள வேண்டும். மனச்சாட்சியில் இன்னும் தயக்கமுள்ளவர்களை நிந்திக்கவும் வேண்டாம்.

உயிரை மதிக்கிறோம் என்பவர்களுக்குப் பிறந்த உயிரைத் தாங்கும் கடமையும் உண்டு. துளசிவனத்தில் கிடைத்த பெண் குழந்தையைப் பெரியாழ்வார் மகளாக வளர்த்த கதையை நம் ஊர் மறக்கவில்லை. தெற்கே டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் ஆதரவற்ற பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். நம் சபையின் கதவு அப்படித் திறந்திருக்கிறதா? இந்த வாரம் இதைத் தேவசமுகத்தில் சிந்தியுங்கள்.

சத்தியத்தை அன்போடு பேசும் கிருபையைக் கர்த்தர் நமக்கு அருள்வாராக. ஆமென்.