கிழக்குக் கரையின் தலை முழுக்கு மரபு

திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில், கொக்கிளாய்க் களப்பை அண்டி அமைந்த புல்மோட்டை, 1957 இல் கனிய மணலுக்கென அரச கூட்டுத்தாபனம் தோன்றிய காலந்தொட்டு இல்மனைட் மணலால் பெயர்பெற்ற ஊராயினும், அப்பகுதியின் முஸ்லிம், தமிழ்க் குடிகள் தலையரிப்புக்கும் முடி உதிர்வுக்கும் நாடிய வைத்தியம் அதைவிடப் பன்மடங்கு பழையது. கிழக்கிலங்கையில் பரியாரியார் எனப்படும் சித்த வைத்தியரும், அரபு, பாரசீக வழிவந்த யூனானி முறையைக் கையாளும் ஹக்கீமும் மூலிகையிலும் எண்ணெயிலும் பெரிதும் ஒன்றுபட்டே நின்றனர்.

ஈழத்துச் சித்த வைத்தியத்தின் தலையாய நூல் பரராசசேகரம். யாழ்ப்பாண அரசரின் பட்டப்பெயரைத் தாங்கிய இத்தொகுப்பை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1928 முதல் பாகம் பாகமாக அச்சேற்றியபோது முதலில் வந்தது சிரரோக நிதானம், அதாவது தலைநோய்களின் காரணத்தையும் குறியையும் ஆராயும் பகுதியே.

பொடுகுக்குப் பெயர்போன மூலிகை பொடுதலை. வயல் வரம்பிலும் களப்போர ஈரமணலிலும் தரையோடு படரும் இச்சிறு கொடியின் சாற்றை நல்லெண்ணெயில் சேர்த்து இளந்தீயில் காய்ச்சுவர். அடியில் திரளும் வண்டலை விரலால் உருட்டி, அது மெழுகாகத் திரள்கிறதா, மணலாக உதிர்கிறதா என்று பதம் பார்ப்பதோடு, எண்ணெயில் தோய்த்த திரியைக் கொளுத்தி, அது படபடவென வெடிக்காமல் எரிந்தால் மட்டுமே நீர் முற்றும் வற்றியதென இறக்குவர். நீர் எஞ்சிய தைலம் விரைவில் சிக்குப் பிடிக்கும் என்பதால் இச்சோதனை இன்றியமையாதது.

இவ்வாறு காய்ச்சிய எண்ணெயைத் தலையில் தேய்த்துச் சிறிது நேரம் ஊறவிட்டபின் சீயக்காயாலோ இலுப்பைப் பிண்ணாக்காலோ தேய்த்து முழுவதும் போக்குவதே சனி முழுக்கு எனப்படும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின் ஒழுங்கு. அவ்விரண்டிலும் உள்ள சபோனின் என்னும் நுரைபொருள் எண்ணெயை நீரோடு அகற்றிவிடும். இந்த இரண்டாம் பாதியே மரபின் உயிர்நாடி எனலாம். ஏனெனில், பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற நுண்பூஞ்சை தலைத்தோலின் கொழுப்பை உண்டு வாழ்வதோடு, அதைச் சிதைத்து எரிச்சலூட்டும் கொழுப்பமிலங்களையும் வெளிவிடுகிறது என்பதை இன்றைய தோல் மருத்துவம் நிறுவியுள்ளது. குளித்தபின் எண்ணெய் பூசி நாள் முழுதும் அப்படியே விட்டுவைக்கும் இக்காலப் பழக்கம் மரபின் தொடர்ச்சி அன்று. பொடுகுள்ள தலைக்கு அது கேடாகவே முடியும்.

வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டின் கதை வேறு. முன்னோர் இதைப் புழுவின் வேலையென்று கருதிச் சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்த்தனர். புழு இதற்குக் காரணமன்று. உடலின் நோயெதிர்ப்பாற்றலே முடியின் வேரைத் தாக்குவதால் வரும் நோய் இது. ஆயினும் 2002 இல் வெளிவந்த ஈராக்கிய ஆய்வொன்று, வெங்காயச் சாறு பூசிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி மீண்டதைப் பதிவு செய்தது. இந்நோய் பலருக்குத் தானாகவும் ஆறுவதால், அச்சிற்றாய்வை மட்டும் கொண்டு முடிவுகட்ட இயலாது.

1929 இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டதும், 1961 இன் ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யூனானியையும் தன்னுள் அடக்கியதும் இவ்வறிவை வகுப்பறைக்குக் கொண்டுவந்தன. இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. புல்மோட்டை, தென்னமரவாடி போன்ற ஊர்களில் முதியோர் நினைவில் மட்டும் எஞ்சியுள்ள கைப்பக்குவங்களை எழுதிவைத்துச் சோதிக்கும் கடமை அம்மாணவர்களுக்கே உரியது.