ஃபியூச்சுரா

ஃபியூச்சுரா என்பது ஜெர்மானிய வடிவமைப்பாளர் பால் ரென்னர் உருவாக்கி, பிராங்பர்ட்டின் பௌவர் அச்செழுத்து வார்ப்பகம் 1927இல் வெளியிட்ட இலத்தீன் எழுத்துரு. எழுத்து முனைகளில் சிறு கோடுகள் இல்லாத சான்ஸ் செரிஃப் வகையின் வடிவியல் பிரிவைச் சேர்ந்தது. ரென்னர் பௌஹவுஸ் என்னும் ஜெர்மானிய வடிவமைப்புப் பள்ளியினர் அல்லர். ஆயினும் அதன் எளிமைக் கொள்கை இதில் தெளிவாகத் தெரிகிறது.

வட்டம், முக்கோணம், நேர்கோடு ஆகியவை இதன் அடிப்படை. கோடுகள் ஒரே தடிப்புடையனவாகத் தோன்றினாலும், வளைவு தண்டைச் சேருமிடத்தில் மெலிகின்றன. இல்லையெனில் இணைப்புகள் கறுத்துத் திரண்டு தெரியும். தடித்த வடிவில் இத்திருத்தம் மிகுதி. எழுத்தின் உள்வெளியும் குறுகுவதால் அவ்வடிவம் நீண்ட பத்திகளுக்கு ஒவ்வாது, தலைப்பு, சுவரொட்டி, வணிகச் சின்னம் ஆகியவற்றுக்கே ஏற்றது.

ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் பல்லாண்டுகள் தன் விளம்பரங்களில் ஃபியூச்சுராவைக் கையாண்டது. 1969இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த உலோகத் தகட்டின் வாசகமும் இவ்வெழுத்துருவிலேயே பொறிக்கப்பட்டது. அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகரின் படைப்புகளில் இதன் தடித்த சாய்வு வடிவம் இடம்பெறுகிறது.