சரோஜினி தேவியின் தம்பி



சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் சரோஜினி நாயுடு அம்மையாரைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். காக்களூர்த் தொழிற்பேட்டையில் கூலிவேலை பார்க்கும் ஒருவரின் மகன் எழுந்து, “ஐயா, அந்த அம்மையாருடன் பிறந்தவர்கள் என்ன ஆனார்கள்?” என்று வினவினான். ஒரு தம்பி கவிஞர் என்றேன். மற்றொரு தம்பி ருஷ்யாவில் இறந்துபோனார் என்றேன். “எப்படி இறந்தார்?” என்றான் சிறுவன். அதற்குள் மணி அடித்துவிட்டது. மணி அடித்தது எனக்கு நன்மையாயிற்று என்று அன்று எண்ணியதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவனுக்குச் சொல்லாமற்போன விடையையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

வீரேந்திரநாத் சட்டோபாத்யாயர் 1880-ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் பிறந்தார். தந்தையார் அகோரநாதர் எடின்பரோவில் விஞ்ஞானப் பட்டம் பெற்று, நிஜாம் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். வீடே ஒரு பள்ளிக்கூடம் எனலாம். மகன் மெட்ரிகுலேஷன் தேறியது நம் சென்னைப் பல்கலைக் கழகத்தில். 1902-இல் ஐ.சி.எஸ். தேர்வு எழுதுவதற்காக இங்கிலாந்து சென்றார். தேர்வில் வெற்றி கிட்டவில்லை. லண்டனில் ‘இந்தியா இல்லம்’ என்ற விடுதியில் கூடிய புரட்சியாளர்களோடு சேர்ந்தார். அங்கே நம் திருவல்லிக்கேணியிலிருந்து சென்ற மண்டயம் திருமலாச்சாரியாரும் இருந்தார். சட்டக் கல்விச் சங்கம் சட்டோபாத்யாயரை வெளியேற்றியது. 1910-இல் பாரிசுக்குத் தப்பிச் சென்றவர், அதன்பின் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவேயில்லை.

முதல் உலகப் போரின்போது பெர்லின் நகரில் இந்தியக் குழுவை நிறுவியதில் அவருக்குத் தலையாய பங்கு உண்டு. போர் முடிந்ததும் ஜெர்மானியர் தோற்றனர், குழுவும் கலைந்தது. 1927-இல் பிரஸ்ஸெல்ஸ் நகரில் ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாடு கூடிற்று; ஜவாஹர்லால் நேரு அதில் கலந்துகொண்டார். அங்கே பிறந்த சங்கத்தின் செயலாளர்களுள் ஒருவராகச் சட்டோபாத்யாயர் பெர்லினிலிருந்து பணியாற்றினார். கையில் காசில்லை, சட்டைகள் நைந்தவை, ஆயினும் அயல்நாட்டில் திகைத்து நிற்கும் இந்திய மாணவன் எவனும் அவர் வாயிலிலிருந்து வெறுங்கையோடு திரும்பியதில்லை என்று அவரை அறிந்தோர் சொல்வர்.

1931-இல் அவர் சோவியத் நாட்டிற்குச் சென்றார். அது தப்பிப்பு என்றே அன்று தோன்றியிருக்கும். இரண்டே ஆண்டுகளில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். சட்டோபாத்யாயரின் தங்கை கணவரான ஏ. சி. என். நம்பியாரை 1933-இல் நாஜிகள் பிடித்து அடைத்தனர். பெர்லினிலேயே இருந்திருந்தால் நம்மவர் கதியும் அதுவே.

லெனின்கிராடில் விஞ்ஞானக் கழகத்தின் மானிடவியல் நிலையத்தில், இந்தியப் பகுதியின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. மகா பீட்டர் தொடங்கிய பழம்பெரும் காட்சிசாலை அது. நேவா நதிக்கரையில் இருக்கிறது. ஈண்டு நான் சற்றே நின்று, தமிழர் அனைவரும் அறிய வேண்டிய ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும். அந்த நிலையத்தின் இந்தியச் சேகரிப்பைப் பெரிதும் வளர்த்தவர் அலெக்சாந்தர் மெர்வார்ட். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1884-இல் பிறந்து, ருஷ்யாவில் குடியேறியவர். மனைவி லியுத்மிலாவுடன் 1914-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து, நான்காண்டுகள் ஊர் ஊராகத் திரிந்து, நம் மக்களின் பொருள்களையும் வழக்கங்களையும் திரட்டினார். பிறகு லெனின்கிராடில் தமிழ் கற்பித்தார். 1929-இல் தமிழ்ப் பேச்சுமொழிக்கு ஓர் இலக்கண நூலை ருஷ்ய மொழியில் வெளியிட்டார். மறு ஆண்டே, கல்விமான்கள் பலரை வாரிக்கொண்டு போன வழக்கில், கணவனும் மனைவியும் கைதாயினர். மெர்வார்ட் 1932-இல் வடக்கேயுள்ள உழைப்பு முகாமில் உயிர்நீத்தார். லியுத்மிலா உயிர்பிழைத்துத் திரும்பி, மலாய் மொழி கற்பிக்கும் ஆசிரியையாகத் தொண்டாற்றினார்.

மெர்வார்ட் உழைத்த அதே பகுதியில், அதே பேழைகளின் நடுவே, சட்டோபாத்யாயர் வந்து அமர்ந்தார். முன்னவருக்கு நேர்ந்தது அவர் செவிக்கு எட்டாமல் இருந்திருக்குமா? இருந்திராது என்றே கருதுகிறேன். ஆனால் செல்வதற்கு வேறு நாடு ஏது? இந்தியாவுக்குத் திரும்பினால் ஆங்கிலேயர் சிறை, ஜெர்மனியில் ஹிட்லர். நிலையத்தில் உடன் பணியாற்றிய லிதியா கருனோவ்ஸ்கயாவை மணந்தார். அவர் இந்தோனேசியப் பகுதியை நடத்தியவர். முன்பு பெர்லினில் அவரோடு வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் ஆக்னஸ் ஸ்மெட்லி, 1933-இல் அவரைக் கண்டபோது, தலை நரைத்து உடல் மெலிந்திருந்தார் என்றும், தாயகம் திரும்பும் ஏக்கம் அவரை விடாது பற்றியிருந்தது என்றும் பதிவு செய்திருக்கிறார்.

1937 ஜூலை நடுவில் ஓர் இரவு அவரைக் கைது செய்தனர். வெளிநாட்டில் வாழ்ந்தவன், வெளிநாட்டாரோடு கடிதப் போக்குவரத்து உடையவன் என்பதே அக்காலத்தில் ஐயுறவுக்குப் போதுமானது. ஆகஸ்டு 31-ஆம் நாள் 184 பெயர்கள் அடங்கிய பட்டியல் ஒன்றில் ஸ்டாலினும் மொலோட்டோவும் கையொப்பமிட்டனர். அதில் இவர் பெயரும் இருந்தது. செப்டம்பர் 2-ஆம் நாள் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, அன்றே நிறைவேற்றிற்று. கையெழுத்து முதலில், விசாரணை பின்பு. இந்த வரிசையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மாஸ்கோவில் குடியேறியிருந்த அவனி முகர்ஜியும் அதே ஆண்டு அக்டோபரில் சுட்டுக்கொல்லப்பட்டார். லண்டன் நாள்களின் தோழர் திருமலாச்சாரியாரோ, போல்ஷ்விக்குகளோடு பிணங்கி முன்னரே பெர்லினுக்கு வந்து, ஹிட்லர் ஆட்சியையும் தப்பி 1935-இல் பம்பாய் சேர்ந்தார்; 1954-இல் வறுமையில் காலமானார். வறுமைதான், ஆயினும் எந்த நாள், எந்த ஊர் என்பது தெரிந்த மரணம்.

சட்டோபாத்யாயருக்கு அதுவும் இல்லை. நேரு தம் சுயசரிதையில் அவரைப் பற்றி அன்போடு எழுதினார். அந்நூல் வெளிவந்தது 1936-இல். மறு ஆண்டே ஆள் இல்லை. தமக்கையார் சரோஜினி தேவி 1949 மார்ச்சில் மறைந்தார். அதே ஆண்டில், நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திருத்தணியில் பிறந்த பேராசிரியர் இராதாகிருஷ்ணன் மாஸ்கோவுக்கு இந்தியத் தூதராகச் சென்றார். ஸ்டாலினை நேரில் இருமுறை கண்டு பேசினார். அப்போதும் அந்தப் பட்டியல் பெட்டகத்துள் பூட்டியே கிடந்தது. சோவியத் ஆட்சி தளர்ந்து ஆவணங்கள் திறக்கப்பட்ட பின்னரே, அந்த நாளும் கையொப்பங்களும் உலகுக்குத் தெரியவந்தன.

என்னிடம் வினவிய அந்தச் சிறுவன் இப்போது சென்னைக்கு ரயிலேறிச் சென்று கல்லூரியில் படிக்கிறான். சென்ற திங்களில் காக்களூர் ஏரிக்கரையில் எதிர்ப்பட்டான். “தம்பி, நீ கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா?” என்றேன். “எந்தக் கேள்வி ஐயா?” என்றான். கரைமேல் அமர்ந்து முழுவதையும் சொல்லி முடிக்கையில் இருட்டிவிட்டது.