வெள்ளிக்கிழமை சந்தையில பார்க்கலாம்

செஞ்சி என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது கோட்டை. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை. ஆனா, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து கிராமங்களில் ஆடு வளர்க்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. செஞ்சின்னா அவங்களுக்கு வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைதான். இந்த எபிசோட் கோட்டையைப் பற்றியது இல்லை, வாரச்சந்தையைப் பற்றியது.

முதல்ல ஒரு கேள்வி. சந்தை ஏன் தினமும் நடக்காம வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் நடக்குது? ஒரு கிராமத்தில் கயிறு, உப்பு, சட்டி, வளையல் எல்லாம் தினமும் விற்காது. அதனால வியாபாரி நகர்ந்துக்கிட்டே இருப்பார்: திங்கள் ஒரு ஊர், செவ்வாய் வேறொரு ஊர். ஒவ்வொரு ஊரும் தனக்குன்னு ஒரு கிழமையை வெச்சுக்கிட்டது. கிராமத்து ஆளுக்கோ வாரத்தில் அந்த ஒரு நாள்தான் தன் ஊர் எல்லையைத் தாண்டிய உலகம். கம்பெனி அதிகாரிகளும் இந்தச் சொல்லை விடவில்லை. அவர்கள் எழுதிய ‘ஷாண்டி’ நம்ம சந்தைதான்.

ஜி. வில்லியம் ஸ்கின்னர் என்ற மானுடவியலாளர் 1964-ல் சீனக் கிராமங்களைப் பற்றி எழுதத் தொடங்கியபோது ஒரு வாதத்தை வைத்தார். விவசாயியின் சமூக உலகம் அவனுடைய கிராமம் அல்ல, அவன் போகும் சந்தையின் எல்லைதான் என்றார். கடன், நட்பு, பெண் பார்ப்பது எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான் நடந்தன. நம்ம ஊருக்கும் இது ரொம்பப் பொருந்தும். ஆடு விற்க வந்தவர் மச்சானைப் பார்ப்பார், கல்யாணப் பேச்சை எடுப்பார், மழை எங்கே பெய்தது என்று விசாரிப்பார், பிள்ளைகளுக்குப் பொரியும் காராசேவும் கட்டிக்கொண்டு போவார். வாங்க எதுவுமே இல்லாதவங்களும் சந்தைக்குப் போனது இதுக்காகத்தான்.

பேரத்துக்கும் ஒரு தனி மொழி உண்டு. தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடுவார். உள்ளே விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. அந்த விரல் கணக்கு புரிய ஆரம்பித்துவிட்டால் நீங்க சந்தைக்காரர் ஆகிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வியாபாரமும் விளையாட்டும் இங்கே சேர்ந்தே வந்திருக்கு. திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிற கிடங்கல், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், கொற்கை வழியில் உப்பு விற்கப் போகும் உமணர் குடும்பம் ஒன்று வருகிறது. அவர்கள் வளர்த்த மந்தி, சிப்பிக்குள் முத்துப் போட்ட கிலுகிலுப்பையை ஆட்டி அவர்களுடைய பிள்ளைகளோடு விளையாடுகிறது. அன்றைய வணிகப் பாதையில் குடும்பம், குழந்தை, வேடிக்கை எல்லாமே இருந்தன.

1879-ல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை திறந்தது. தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டை (நிலக்கடலையை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வாங்க) புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்ஸ் வரைக்கும் போனது. விழுப்புரம் ஜங்ஷனும் அதன் கடைத்தெருவும் வளர்ந்தன. இவ்வளவு நேரம் சொன்னதை வைத்து, சந்தை எல்லோரையும் சேர்த்துவிட்டது என்று முடித்துவிடலாம். ஆனா அது பாதி உண்மைதான்.

பேரம் யாரோடும் பேசலாம். ஆனா அதே ஆள் பக்கத்து டீக்கடைக்குப் போனால், தலித் என்றால் அவருக்குத் தனி டம்ளர். காசை வாங்கிக்கொண்ட இடம் ஆளைச் சமமாக ஏற்றுக்கொள்ளவில்லை. 1978 ஜூலையில் விழுப்புரம் கடைத்தெருவில் தொடங்கிய ஒரு தகராறு சாதிக் கலவரமாக மாறி, 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். தினமும் ஒன்றாகப் புழங்கிய தெரு அது. ஒரே இடத்தில் கூடுவது வேற, அந்த இடம் நமக்கும் சொந்தம் என்று பயமில்லாமல் நிற்பது வேற. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கு என்பதை இந்த மாவட்டம் பார்த்திருக்கு. சந்தையின் வரலாறு சொல்லும்போது இதை விட்டுவிட்டால் அது வெறும் ஏக்கப் பாட்டாகிவிடும்.

சரி, இன்னைக்கு? ஆட்டின் படம் வாட்ஸ்அப்பில் வருது, விலையும் போனிலேயே தெரியுது. ஆனாலும் பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய செஞ்சிச் சந்தையில் கோடிக்கணக்கில் விற்பனை நடக்குது. பல்லைப் பிடித்து வயசு பார்க்கணும், முதுகில் கை வைத்து எடை சொல்லணும். அதைவிட, போன வாரம் வராத ஆளை “ஏன் வரலை?”ன்னு கேட்க நாலு பேர் அங்கே இருக்காங்க. நகரத்தில் ஒரு மாலில் நாம எத்தனை வாரம் போகாமல் இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.

போறதா இருந்தா விடியறதுக்குள்ள போயிடுங்க; வெயில் ஏறும்போது சந்தை கலைய ஆரம்பிச்சிடும். கோட்டையை அப்புறமா பார்த்துக்கலாம், அது எங்கேயும் போகாது.