பட்டன், பட்டன், பட்டன்: கேட்டு வாசிப்பவனின் திரை

போன தை மாசம் என் போனிலிருந்த வங்கிச் செயலி ஒரே ராத்திரியில் தன்னை மாற்றிக்கொண்டது. முந்தின நாள்வரை விரலை வலப்பக்கமாக ஆறு தரம் தள்ளினால் 'இருப்பு' என்று குரல் சொல்லும். ஒன்பதாவது தள்ளலில் 'பணம் அனுப்பு'. காலையில் அதே இடத்தில் 'பட்டன்' என்றது. அடுத்ததும் 'பட்டன்'. அதற்கடுத்ததும் அதே. பதினோரு பட்டன் எண்ணினேன், ஒன்றுக்கும் பெயரில்லை. அக்கா மகன் வாங்கிப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்குது மாமா, கலரெல்லாம் மாத்திட்டாங்க" என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

எனக்குப் பார்வை இல்லை. திரைவாசிப்பான் என்கிற மென்பொருள் திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கித் தர, அதைக் கேட்டு வாசிக்கிறவன். பார்க்கிறவர்களுக்குத் திரை ஒரு பரப்பு. மூலைமுடுக்கெல்லாம் ஒரே நோட்டத்தில் வந்துவிடும். கேட்கிறவனுக்கு அது ஒரு வரிசை, காலத்தில் ஒவ்வொன்றாக அவிழ்வது. ஆறாவது தள்ளலில் என்ன, ஒன்பதாவதில் என்ன என்பது என் விரலும் காதும் பல மாதம் உழைத்துச் சேர்த்த அறிவு. வடிவத்தை மாற்றுகிறவர்கள் இந்த உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. 'பயனர்' என்று அவர்கள் கட்டமைத்து வைத்திருக்கும் உடலுக்குக் கண் உண்டு, அவ்வளவுதான் விஷயம். 'மேம்பாடு' என்கிற சொல்லாடலின் வரலாற்றை எங்கள் பக்கத்திலிருந்து எழுதிப் பார்த்தால், அநேகமாக ஒவ்வொரு மேம்பாட்டிலும் எங்களிடமிருந்து ஒரு வழி பறிபோயிருக்கிறது. திரும்ப வந்தபோதும் சும்மா வரவில்லை.

மொரப்பூர்க்காரனுக்கு வழி பறிபோவது புதிதில்லைதான். 1906-இல் இங்கிருந்து தர்மபுரிக்குக் குறுகிய பாதையில் ரயில் விட்டார்கள். 1913-இல் அது ஓசூர்வரை நீண்டது. உலகப்போர்க் காலத்தில், 1941-இல், மூடப்பட்டது. மெயின் லைனில் வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. சென்னைக்கும் சேலத்துக்கும் போகிறவர்களுக்கு ஒரு குறையுமில்லை. தர்மபுரிக்குப் போக வேண்டியவன்தான் ரோட்டில் நின்றான். புதுப் பாதைக்கு அடிக்கல் நாட்டுவதற்கு 2019 வரை ஆயிற்று. பொதுவில் நடக்கிற மாற்றத்தின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதற்காக இதைச் சொன்னேன், திரைக்குத் திரும்புகிறேன்.

திரைக்கு முன்னால் புள்ளி எழுத்து. லூயி பிரெய்ல் படித்து, கற்பித்த அதே பாரீஸ் பள்ளியில் 1840-களில் அவருடைய எழுத்துமுறை தடைசெய்யப்பட்டது. பார்வையுள்ள ஆசிரியர்களும் படிக்கக்கூடிய புடைப்பெழுத்துதான் வேண்டும் என்பது நிர்வாகத்தின் பிடிவாதம். மாணவர்கள் ஒளித்து வைத்து எழுதினார்கள். பிரான்சில் அது முறைப்படி ஏற்கப்பட்டது 1854-இல். பிரெய்ல் செத்து இரண்டு வருஷம் கழித்து. அமெரிக்காவில் நியூயார்க் பாயிண்ட், அமெரிக்கன் பிரெய்ல் என்று ஆளுக்கொரு முறையை வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டார்கள். ஒரு முறையில் கற்றவனுக்கு மற்ற முறையில் அச்சான புத்தகம் வெறும் சொரசொரப்பு. ஆங்கிலத்துக்குப் பொதுவான முறை 1932-இல்தான் முடிவானது. நம் நாட்டிலும் பல முறைகள் இருந்து, 1951-இல் பாரதி பிரெய்ல் வந்தது. தொடுவதா, பார்ப்பதா, யாருக்கு வசதி எழுத்து என்கிற சண்டை கம்ப்யூட்டரோடு பிறந்ததில்லை.

நான் கம்ப்யூட்டர் கற்றது 1996-இல், சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில், டாஸ் முறையில். மூக்கால் பேசுகிற இங்கிலீஷ் குரல். ஆனால் எல்லாவற்றையும் பேசியது. காரணம் எளிது. டாஸ் திரை என்பது 80 பத்தி, 25 வரி. மொத்தம் 2000 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எழுத்து இருக்கிறது என்பது இயந்திரத்தின் நினைவகத்தில் எழுத்தாகவே கிடக்கும். திரைவாசிப்பான் அதை எடுத்துப் படித்தால் போதும். பார்க்கிறவன் முன்னால் இருந்த அதே பிரதிதான் என் காதிலும் விழுந்தது. பார்வையற்றவர்கள் அலுவலகங்களில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போக முடிந்த ஒரு குறுகிய காலம் அது.

நாங்கள் அங்கே டாஸ் படித்துக்கொண்டிருந்தபோது வெளியே உலகம் விண்டோஸ் 95-க்கு மாறிவிட்டிருந்தது. விண்டோஸில் எழுத்து எழுத்தாகத் திரைக்குப் போவதில்லை, படமாக வரையப்படுகிறது. 'கோப்பு' என்ற சொல்லும் அதன் பக்கத்திலுள்ள பூவும் திரையைப் பொறுத்தவரை ஒரே ஜாதி, புள்ளிகளின் கூட்டம். இனி திரைவாசிப்பான், வரைகிற கட்டளைகளை நடுவழியில் ஒட்டுக்கேட்டு, திரையைப் போலவே தனக்கென ஒரு நிழல்திரையைக் கட்டிவைத்து, அதிலிருந்து படிக்க வேண்டும். மென்பொருள் எழுதியவன் வழக்கத்துக்கு மாறாக ஒன்றை வரைந்தால் நிழல் கலைந்துவிடும். சுட்டியை வைத்துக் குறிபார்த்து அமுக்கு என்பது இன்னொரு பக்கம். எதைக் குறிபார்ப்பது?

'படத்திரையைப் பேசவைக்க முடியாது, தொழில்நுட்பம் அப்படி' என்று அப்போது சொல்லப்பட்ட சமாதானத்தை ஏற்க முடியாது. மக்கின்டோஷின் படத்திரையை அவுட்ஸ்போக்கன் என்கிற மென்பொருள் 1989-லேயே பேசவைத்துவிட்டது. பணம் கொடுக்கிறவர்கள் மிரட்டியபோதுதான் மைக்ரோசாஃப்ட் அசைந்தது. விண்டோஸ் 95-ஐ வாங்க மாட்டோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து எச்சரிக்கை எழுந்தது. 1997-இல், திரையிலுள்ள ஒவ்வொரு உறுப்பும் தன் பெயரையும் வகையையும் திரைவாசிப்பானிடம் தானே சொல்வதற்கான ஏற்பாடு வெளியானது. அதே ஆண்டு இறுதியில் அதே நிறுவனம் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4-இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டு வெளியிட்டது! தாங்கள் கட்டிய படியைத் தாங்களே இடிப்பது. சத்தம் எழுந்தது, அடுத்துவந்த 4.01-இல் திரும்பச் சேர்த்தார்கள். 'தெரியாமல் நடந்துவிட்டது' என்கிற வாதத்தை நான் நம்பாமல் போனதற்கு இந்த ஓராண்டே போதும்.

ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஓட்டைகளை அடைத்தவர்களில் முக்கியமானவர்கள் பார்வையற்றவர்களே. ஜாஸ் திரைவாசிப்பானைத் தொடங்கிய டெட் ஹென்டர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978-இல் ஒரு விபத்தில் கண்ணை இழந்தவர். அது ஆயிரம் டாலர் அளவுக்கு விற்றதால் நம்மூர்ப் பையன்களுக்குத் திருட்டுப் பிரதிதான் கதி. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006-இல் என்விடிஏ-வை எழுத ஆரம்பித்து இலவசமாகவே கொடுத்தார். அவரும் பார்வையற்றவர்தான்.

இத்தனையும் இங்கிலீஷுக்கு. தமிழ்க் கதை வேறு, அதில் நமக்கும் பங்குண்டு. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் இயந்திரத்துக்குள் கிடப்பது என்ன தெரியுமா? எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண்ணுக்கு அம்மா, காதுக்கு உளறல். தொண்ணூறுகளில் ஆளாளுக்கு எழுத்துரு செய்தோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகசிய ஏற்பாடு. இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்ட 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தமிழக அரசு ஏற்றது. நல்ல காரியம்தான். ஆனால் அவையும் கண்ணின் வரிசையில் அமைந்தவை. 'கொக்கு' என்பதில் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று எழுதும் வரிசையிலேயே சேமிக்கும். 1991-லேயே தமிழைச் சேர்த்துவிட்ட யுனிகோடில் முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. நாக்கு சொல்கிற வரிசை அது. தொல்காப்பியம் 'எழுத்து' என்று ஒலியையே சொல்கிறது என்று மேடைதோறும் பெருமை பேசிய நாம், கம்ப்யூட்டரில் எழுத்தைப் படமாகவே பிடித்துத் தொங்கினோம். யுனிகோடுக்கு எதிராகச் சொல்லப்பட்டவை எல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். இந்தி எழுத்துக்காகச் செய்த அச்சில் தமிழைத் திணித்தார்கள் என்ற கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த விவாதத்தில் காது ஒரு தரப்பாக எண்ணப்படவில்லை என்பதுதான் என் குறை. 2010 ஜூனில் அரசு யுனிகோடை ஏற்று ஆணையிட்டது. அதற்குப் பிறகும் வானவில் எழுத்துருவில் அடித்து, இல்லையென்றால் காகிதத்தில் எடுத்துப் படம்பிடித்து வலைத்தளத்தில் ஏற்றிய அரசாணைகளைக் கேட்க முயன்று தோற்றிருக்கிறேன். ஒன்று மாற்றுத்திறனாளி உதவித்தொகை பற்றியது.

அரசை மட்டும் ஏன் சொல்ல வேண்டும். விளிம்பு, மற்றமை, உடலின் அரசியல் என்று தொண்ணூறுகளில் தீயாய் எழுதிய நம் சிறுபத்திரிகைகள் இன்று இணையத்தில் எப்படிக் கிடக்கின்றன? பக்கம் பக்கமாகப் படம். நண்பர் ஒருவர் அனுப்பிய பழைய இதழைத் திறந்தால் என் கம்ப்யூட்டர் 'வெற்று ஆவணம்' என்றது. நூற்றுச் சொச்சம் பக்கம்! இப்போது படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் கருவிகள் தமிழிலும் ஓரளவு வேலை செய்கின்றன, உண்மை. மங்கிய அச்சென்றால் இரண்டு பத்திகளையும் கலந்து ஒரே வரியாக வாசிக்கும்; 'கட்டவிழ்ப்பு' என்பதற்கு நேரடி விளக்கம் கிடைக்கும். தமிழ்க் குரலுக்காகப் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யில் ஏ.ஜி. ராமகிருஷ்ணனும் சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தியும் தத்தம் குழுக்களோடு வருஷக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். குரல் தயார். அதன் வாயில் போட எழுத்து வேண்டும்.

போன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டன் போனில் 5-ஆம் எண்ணின் மேல் சின்ன மேடு இருக்கும். அதை வைத்தே மற்ற எண்ணெல்லாம் பிடிபடும். மொரப்பூரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த காலத்தில் அந்த மேடுதான் எனக்குச் சோறு போட்டது. பிறகு நோக்கியாவின் சிம்பியன் போன்களில் டாக்ஸ் என்ற திரைவாசிப்பான் வந்தது. 2011 பிப்ரவரியில் நோக்கியா சிம்பியனைக் கைவிட்டு விண்டோஸ் போனுக்குத் தாவியது. அந்த விண்டோஸ் போன் 7-இல் திரைவாசிப்பானே கிடையாது, 2014-இல் 8.1 வந்தபோதுதான் சேர்த்தார்கள். தொடுதிரையைக் குரலோடு பயன்படுத்தலாம் என்று 2009-லேயே ஐபோன் காட்டிவிட்டது, அது எங்கள் விலையில் இல்லை. நான் பழைய நோக்கியாவைப் பட்டன் தேயும்வரை வைத்திருந்தேன். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையும் மூடப்பட்டு, அதன் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். அந்தத் தாவலின் விலையை அவர்களும் கொடுத்தார்கள்.

ஒரு பட்டனுக்குப் பெயர் வைக்க நிரலில் ஒரு வரி போதும். வலைப்பக்கத்தில் படத்துக்குப் பதிலாக எழுத்து கொடு என்கிற நெறிமுறை 1999 மே மாதத்திலேயே வெளியாகிவிட்டது. நம் நாட்டில் 2016-இல் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதி, அணுகுவசதியைக் கட்டாயமாக்காமல் வெறும் வழிகாட்டலாக விட்டிருந்தது; செல்லாது என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் 30-இல் இன்னொரு தீர்ப்பு. வங்கிக் கணக்குக்கு 'கண்ணைச் சிமிட்டு, படம் எடுக்கிறோம்' என்று கேட்பதால் தடைபட்டவர்கள் தொடுத்த வழக்குகள் அவை. ஒருவர் அமிலத் தாக்குதலில் முகம் சிதைந்தவர், ஒருவர் பார்வையற்றவர். டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் சொல்லி, 20 கட்டளைகளும் இட்டது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. திரைவாசிப்பான் தடங்கலில்லாமல் படித்தது.

என் கதைக்கு வருகிறேன். அக்கா மகன் எங்கேயோ தேடிச் செயலியின் பழைய பதிப்பைப் பிடித்துப் போட்டுக் கொடுத்தான். தானாக மாறுவதையும் நிறுத்தி வைத்தான். மறுபடி ஆறாவது தள்ளலில் 'இருப்பு', ஒன்பதாவதில் 'பணம் அனுப்பு'. ஐந்து வாரம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலையில் திறந்தால், 'இந்தப் பதிப்பு இனி இயங்காது' என்ற வாக்கியத்தைக் குரல் தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல் படித்தது. அதன் கீழே ஒரே ஒரு பட்டன், 'புதுப்பி'. அதற்கு மட்டும் பெயர் வைத்திருந்தார்கள்.

பஸ் பிடித்து அரூர் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது. "இதுக்குப் போயி இவ்ளோ தூரம் வந்தீங்களா சார்? ஆப்லயே பண்ணிக்கலாமே. இப்ப ரொம்ப ஈஸியா மாத்திட்டாங்க."