போர்க்காலச் சட்டமும் ஊழல் தடுப்பு அமைப்புகளும்: உக்ரைன், 2022–2025

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் இராணுவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ்த் தேர்தல் நடத்த இயலாது. பேரணிகளைத் தடைசெய்யவும் இடமுண்டு. பதவிக்காலம் முடிந்த நாடாளுமன்றம் புதிய அவை கூடும்வரை தொடரும் என அரசமைப்பின் 83ஆம் உறுப்பு கூறுகிறது. வாக்குச்சீட்டு இல்லாத இக்காலத்தில் ஆட்சியாளரைப் பொறுப்புக் கேட்பது எது என்ற வினாவிற்கு, போருக்கு முன்பே உருவான ஊழல் தடுப்பு அமைப்புகளின் வரலாறு ஓரளவு விடை தருகிறது.

மைதான் எழுச்சிக்குப் பின் 2014 அக்டோபரில் இயற்றப்பட்ட சட்டத்தால் தேசிய ஊழல் தடுப்புப் பணியகம் தோன்றியது. அதன் வழக்குகளை நடத்தத் தனி வழக்குத்தொடுநர் அலுவலகம் அமைந்தது. உயர் ஊழல் தடுப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பரில் பணி தொடங்கியது. புலனாய்வு, வழக்கு, தீர்ப்பு ஆகிய மூன்றையும் பழைய கட்டமைப்பின் பிடியிலிருந்து விலக்கியதே இச்சீர்திருத்தத்தின் சாரம். பன்னாட்டு நிதியமும் ஐரோப்பிய ஒன்றியமும் இதனை வற்புறுத்தியது உண்மையே. எனினும் வெளி அழுத்தத்தால் மட்டுமே இவை நிலைத்தன என்னும் கருத்து பின்வந்த நிகழ்வுகளோடு பொருந்தவில்லை.

படையெடுப்பை ஒட்டி, அரசு அலுவலர் சொத்து விவரம் அளிக்கும் கடமை நிறுத்திவைக்கப்பட்டது. அவ்விவரங்கள் பகைவர் கையில் சேரும் என்ற அச்சம் காரணமற்றதன்று. 2023 செப்டம்பரில் நாடாளுமன்றம் கடமையை மீட்டது. பதிவேட்டையோ மேலும் ஓராண்டு பொதுப்பார்வைக்கு மூடிவைத்தது. இதனை எதிர்த்த இணைய மனுவில் 80,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். குடியரசுத் தலைவர் செலென்ஸ்கி சட்டத்தைத் திருப்பியனுப்ப, பதிவேட்டைத் திறக்கும் திருத்தம் அம்மாதமே நிறைவேறியது.

2025 ஜூலை நிகழ்வு இதனினும் கடுமையானது. அதற்கு முந்தைய மாதம் துணைப் பிரதமர் ஒருவர்மீது பணியகம் குற்ற ஐயத்தை முறைப்படி அறிவித்திருந்தது. ஜூலை 21 அன்று பணியகத்தின் புலனாய்வாளர் சிலரின் இல்லங்களைப் பாதுகாப்புத் துறை சோதனையிட்டது. ரஷ்யத் தொடர்பு காரணமாகக் கூறப்பட்டது. மறுநாளே பணியகத்தையும் வழக்குத்தொடுநர் அலுவலகத்தையும் தலைமை வழக்குத்தொடுநரின் கட்டுப்பாட்டுக்குள் கொணரும் சட்டம் 263 வாக்குகளால் நிறைவேறி, அன்றே ஒப்பமும் பெற்றது. பகைவர் ஊடுருவல் என்ற வாதம் போர்க்காலத்தில் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் ஊடுருவிய தனிநபரைக் களைவதற்கு நிறுவனத்தின் தன்னாட்சியையே நீக்குவது ஏன் என்பதற்கு அவ்வாதத்தில் விடையில்லை.

அன்று மாலையே கீவ், லிவிவ், நிப்ரோ, ஒடேசா நகரங்களில் மக்கள் திரண்டனர். முழு அளவிலான போர் தொடங்கியபின் அரசை எதிர்த்து எழுந்த முதல் பெருந்திரள் அது. கையால் எழுதிய அட்டைகளோடு வந்தவருள் பெரும்பாலோர் இளைஞர். மைதான் காலத்தில் சிறுவராக இருந்தவர் என்பது கருதத்தக்கது. இராணுவச் சட்டத்தைக் காட்டி அரசு அவர்களைக் கலைக்கவில்லை. இரு நாளில் செலென்ஸ்கி புதிய முன்வரைவை அளித்தார். ஜூலை 31 அன்று 331 வாக்குகளால் தன்னாட்சி மீட்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கவலையும் இதில் பங்காற்றியது. ஆயினும் முதல் வாரம் முழுவதும் அழுத்தம் தெருவிலிருந்தே தொடர்ந்தது.

மீட்பு பெயரளவினதன்று என்பதற்கு நவம்பர் சான்று. அணுமின் நிறுவனமான எனர்கோஆட்டம் தொடர்பான வழக்கைப் பணியகம் நவம்பர் 10 அன்று வெளிப்படுத்தியது. எரிசக்தி, நீதித்துறை அமைச்சர்கள் நீக்கப்பட்டனர். நவம்பர் 28 அன்று குடியரசுத் தலைவர் அலுவலகத் தலைவரின் இல்லம் சோதனையிடப்பட, அன்றே அவர் பதவி விலகினார்.